கண்ணடி படாத கப்பல்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, டீயை வாயருகே கொண்டுபோனபோதுதான் முத்துப்பாண்டி தன்னைத் தானே பார்த்தான். எதிரே கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் அவன் முகம் மட்டும் ஓராள் உயரம் இருந்தது. மதுரைப் பக்கம் பிறந்தவனுக்கு இது பெருமைப்பட வேண்டிய நேரம். இவனோ டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டான்.

அக்கா மகள் ஆர்த்திகாவுக்கு மறுநாள் காலையில் அலங்காநல்லூரில் காதணி விழா. அதற்காகத்தான் கப்பலில் மன்றாடி விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் குத்தினால் அது காது குத்தே இல்லை என்பது அந்தப் பக்கத்துச் சட்டம். தாய்மாமன் வருகிறான் என்றால் ஃப்ளெக்ஸ் வைக்காமல் விடுவார்களா? குழந்தைக்குக் கிரீடம் சூட்டிச் சிம்மாசனத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் காளை சீறியது, இன்னொரு பக்கம் சிங்கம் உறுமியது. கீழே பங்காளி, சம்பந்தி, சித்தப்பா, பெரியப்பா என்று தீப்பெட்டி அளவில் தலைகள். நடுவில் முத்துப்பாண்டி. கழுத்துக்கு மேலேதான் அவன். கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு அட்மிரலின் வெள்ளைச் சீருடை, மார்பு நிறையப் பதக்கங்கள். கப்பலின் சோனார் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தண்ணீருக்கு அடியில் வரும் சத்தத்தைக் கேட்கிற சாதாரண மாலுமியை, ஆரப்பாளையத்து டிசைனர் ஒரே நாளில் கடற்படைக்குத் தலைவனாக்கியிருந்தார்.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். டீ சிந்தியது, தலைக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்துத்தான். சாமி சிலைக்குப் பின்னால் திருவாசி வைப்பார்களே, அதுபோல அவன் தலையைச் சுற்றி வெண்கல நிறத்தில் வளைந்து வளைந்து விரிந்த இறக்கைகள். டிசைனர் அதற்கு ஒளிவட்டம் வேறு கொடுத்திருந்தார். அது அவன் வேலை பார்க்கும் போர்க்கப்பலின் ப்ரொப்பல்லர்.

'எதிரி ரேடாரே தேடி அலையும் எங்கள் தாய்மாமன்! காதணி முடித்து வெள்ளிக்கிழமை மீண்டும் கடல் நோக்கி!' என்று மேலே எழுதியிருந்தது. கப்பலின் பெயரையும் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே சொன்னவர்கள் போதும்.

அது ஃபிரிகேட் வகைக் கப்பல், புதிதாகக் கட்டியது. ஃபிரிகேட் என்றால் கடற்படையில் கூப்பிட்ட வேலைக்கெல்லாம் ஓடுகிற கப்பல். வானத்தில் விமானம், தண்ணீருக்கு மேலே கப்பல், அடியில் நீர்மூழ்கி, மூன்றையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். மேல்தளத்துக்குக் கீழே ஏவுகணைகள் நட்டுக்குத்தலாக நிற்கும். மூடி திறந்தால் நேராக வானத்துக்குப் போகும். பின்னால் ஹெலிகாப்டர் இறங்கும். ஆனால் அதைக் கட்டியவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டது அடிப்பதற்காக அல்ல, ஒளிவதற்காக. பக்கச் சுவர்கள் செங்குத்தாக இல்லாமல் ஓட்டுக்கூரை மாதிரி சாய்ந்திருக்கும். வந்து மோதுகிற ரேடார் அலை வந்த வழியே திரும்பாமல் வேறு பக்கம் வழுக்கிப் போய்விடும். படகு, கயிறு எல்லாம் கதவுக்கு உள்ளே. புகையைக் குளிர வைத்துத்தான் வெளியே விடுவார்கள். அதிர்வு தண்ணீரில் இறங்காமல் இருக்க இன்ஜின்களை ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார வைத்திருப்பார்கள். ஒரு தெரு நீளத்துக் கப்பல் எதிரியின் திரையில் மீன்பிடிப் படகு மாதிரி தெரிந்தால் அதுதான் வெற்றி.

இவ்வளவு செய்தும் ஒரு சத்தத்தை முழுக்க மறைக்க முடியாது. ப்ரொப்பல்லர் சுழன்றே தீர வேண்டும். இறக்கை எத்தனை, எந்த வளைவு, நுனி எப்படிச் சீவியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. கடலடியில் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கும் நீர்மூழ்கிக்காரன் அந்தக் குரலை வைத்துத்தான் இது இன்ன கப்பல், இன்ன வேகம் என்று கண்டுபிடிப்பான். அதனால்தான் பழுதுபார்க்கும் தொட்டியில் கப்பலை ஏற்றித் தண்ணீரை இறைத்ததும் ப்ரொப்பல்லருக்குத் தார்ப்பாய் போர்த்தி மூடுவார்கள். முத்துப்பாண்டிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தவன் கப்பலின் இறக்கைகளை ஹெட்போனில் எண்ணித்தான் அவன் சோறு சாப்பிடுகிறான். வேற்று நாட்டுக் கப்பல் ஒன்றின் ப்ரொப்பல்லரை இவ்வளவு பெரிதாக, இவ்வளவு தெளிவாக யாராவது அவனுக்குக் காட்டியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான்.

படம் எப்படி வந்தது என்று அவன் யோசிக்கவே வேண்டாம். அவனே எடுத்ததுதான். போன மாதம் தொட்டியில் இறக்கைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யத் தார்ப்பாயை விலக்கினார்கள். போன் கொண்டுவரக் கூடாத இடத்தில் இவன் பைக்குள் போன் இருந்தது. "பத்து வருசமா கப்பலு கப்பலுங்கிறியே, ஒரு நாளாச்சும் என்னான்னு காட்டுனியாடா?" என்று அக்கா ஜெயக்கொடி முந்தின நாள்தான் குறைப்பட்டிருந்தாள். பெற்றவர்கள் போன பிறகு அவனை ஆளாக்கியவள் அவள். இறக்கைகளுக்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பினான். பார்த்துவிட்டு அழித்துவிடு என்று கூடவே எழுதினான். அழித்துவிட்டேன் என்று பதில் வந்தது. அவள் சொன்னது பொய்யில்லை, வாட்ஸ்அப்பில் அழித்துவிட்டாள். போனில் கேலரி என்று ஒன்று இருப்பதும், அதற்குள் படம் சுகமாக உட்கார்ந்திருப்பதும் அவளுக்குத் தெரியாது. ஃப்ளெக்ஸுக்காக மச்சினன் படம் தேடிய அவள் புருஷன் மலையாண்டியின் கண்ணில் அது பட்டது. பெண்டாட்டியைக் கேட்காமலே கடைக்கு அனுப்பிவிட்டான்.

மதுரையில் ஃப்ளெக்ஸ் அடித்தவனைத் தேடத் துப்பறிவாளன் தேவையில்லை. கீழ் மூலையில் கடைப் பெயர் இருக்கும். ஆசிப் டிஜிட்டல்ஸ், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெரு. முத்துப்பாண்டி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

கடையில் இருந்தது இரண்டே பேர். முதலாளி முகமது ஆசிப், கம்ப்யூட்டர் முன்னால் அவன் தங்கை இஷ்ரத். டிசைன் எல்லாம் அவள் கைவேலைதான்.

"வாங்கண்ணே, வாங்க! நேர்ல ஒல்லியா இருக்கீங்க. இஷ்ரத், பாரு, நம்ம அட்மிரலு வந்திருக்காரு!" என்றான் ஆசிப்.

"இந்த ஃப்ளெக்ஸ் எத்தனை எடத்துல வச்சிருக்கு?"

"மூணுண்ணே. இங்கன ஒண்ணு, அலங்காநல்லூர் முக்குல ஒண்ணு, மண்டபத்து வாசல்ல ஒண்ணு. ஏன், கலரு எதும் டல்லா இருக்கா?"

"பின்னாடி இருக்கிறது என்னன்னு தெரியுமா?"

இஷ்ரத் திரும்பிப் பார்த்தாள். "பெரிய பித்தளைப் பூன்னு நெனச்சேண்ணே. கப்பல்ல அழகுக்கு வச்சிருப்பாங்கன்னு. உங்க தலைக்குப் பின்னாடி கரெக்டா உக்காந்துச்சு."

"அது வெளிய தெரியக் கூடாத சாமான்மா. யாருக்குமே தெரியக் கூடாது."

ஆசிப்பின் சிரிப்பு நின்றது. இஷ்ரத் எச்சிலை விழுங்கினாள். "எங்க பேஜ்லயும் போட்டேண்ணே. முந்தாநேத்து. இன்றைய டிசைன்னு தினமும் ஒண்ணு போடுவோம்."

அதை உடனே எடுக்கச் சொன்னான். எடுத்தாள். எடுத்த பிறகும் அவள் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்குண்ணே," என்று ஒரு உரையாடலைத் திறந்து காட்டினாள். சரண்யாதேவி என்ற பெயர். தலை நிறைய மல்லிகைப்பூ வைத்த ஒரு பெண்ணின் படம். டிசைன் சூப்பர் சிஸ்டர், என் தம்பிக்கும் இதே மாதிரி வேண்டும் என்று ஆரம்பித்திருந்தது. அடுத்தது, பின்னால் இருக்கும் வீல் ஒரிஜினல் போட்டோ அனுப்புங்கள். அதற்கடுத்தது, மாமா எந்த ஊரில் கப்பல் ஏறுவார்? கடைசியாக அன்று காலையில், சிஸ்டர் போட்டோ ப்ளீஸ், பெரிய சைஸ்.

முத்துப்பாண்டி திரையருகே குனிந்தான். "அனுப்புனியா?"

"இல்லண்ணே. ஒருத்தர் குடுத்த ஒரிஜினலை இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டோம். கேட்டுட்டுச் சொல்றேன்னு போட்டேன். ஆனா ஒண்ணு மனசுல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இம்புட்டு மெசேஜ் போட்டவங்க ரேட்டே கேக்கலண்ணே."

"ஃப்ளெக்ஸுக்கு ரேட் கேக்காத ஆளா? யா அல்லா!" என்றான் ஆசிப். பேரம் பேசாமல் துக்க வீட்டு ஃப்ளெக்ஸ்கூட அடிக்காத ஊர் இது. அந்தச் சரண்யாதேவி எந்த ஊர்க்காரி என்று தெரியாது. மதுரைக்காரி இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

"அழிச்சிரு. அந்தப் பேச்சு, படம், டிசைன், எல்லாத்தையும் அழிச்சிரு," என்றான் முத்துப்பாண்டி.

சொல்லும்போதே அவன் மனசு கணக்குப் போட்டது. இங்கே அழித்தால் தீர்ந்தது, மூன்று ஃப்ளெக்ஸையும் இறக்கிவிடலாம். பிறகு யாருக்குத் தெரியும்? நாளைக்கு மருமகளை மடியில் வைத்துக் காது குத்தலாம், வெள்ளிக்கிழமை கப்பல் ஏறலாம். பத்து வருஷ வேலை, பென்ஷன், அக்காவின் பெருமை, எல்லாம் அப்படியே இருக்கும். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு மனிதனை எவ்வளவு சின்ன ஆளாக்கும் என்பதற்கு அந்த ஒரு நிமிடம் சாட்சி.

"அண்ணே, ஒரு நிமிசம்," என்றான் ஆசிப். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. "அழிச்சிட்டு நீங்க பாட்டுக்குப் போயிருவீங்க. நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா நான் என்ன சொல்றது? படம் இருந்தது என் சிஸ்டத்துல. பேஜ் என்னுது. அழிச்ச கையும் எங்க கை. என் பேரு முகமது ஆசிப். டிவில எப்புடிப் போடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்லண்ணே."

முத்துப்பாண்டி மறைத்தால் மாட்டப் போகிறவன் ஆசிப். ஆசிப் மட்டுமா? சோனார் அறையில் பக்கத்து இருக்கையில் ஹெட்போன் மாட்டுகிறவன், அடுப்படியில் முத்துப்பாண்டிக்கென்று காரம் கூடப் போடுகிறவன், எல்லாரும் வெள்ளிக்கிழமை கிளம்புவார்கள், தங்கள் கப்பல் எவன் காதுக்கும் எட்டாது என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை ஆரப்பாளையத்தில் கிழிந்து தொங்குவது அவர்களில் இவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இஷ்ரத்தின் விரல் மவுஸில் அசைந்தது.

"அழிக்காத! கைய எடும்மா. அப்படியே இருக்கட்டும். தப்பு என்னுது. நானே சொல்லிக்கிறேன்," என்றான்.

கடை வாசலில் நின்று கப்பலில் கேப்டனுக்கு அடுத்தபடியான அதிகாரிக்குப் போன் போட்டான். மலையாளி, அதிகம் பேசாதவர். முத்துப்பாண்டி ஒன்றுவிடாமல் சொன்னான். போனைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோனது முதல் சரண்யாதேவி வரை. அதிகாரி முதலில் கேட்டது படத்தைப் பற்றித்தான்.

"இறக்கை எல்லாம் தெரியுதா?"

"தெரியுது சார்."

"நுனி?"

"அதுவும் தெரியுது சார்."

அதற்குப் பிறகு வந்தவை உத்தரவுகள். கடையில் எதையும் தொடக் கூடாது. சாயங்காலத்துக்குள் ஆள் வரும். பொழுது சாயுமுன் மூன்று ஃப்ளெக்ஸையும் இறக்கி, படம் உள்பக்கம் இருக்கும்படி சுருட்டி வைக்க வேண்டும். காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது, வீட்டிலும் கூடாது. அவன் ஊரை விட்டு நகரக் கூடாது. நாளைக் காலையில் அழைத்துப் போக வருவார்கள்.

"சார், கப்பல் வெள்ளிக்கிழமை..." என்று அவன் ஆரம்பித்தபோது போன் வைக்கப்பட்டிருந்தது.

ஆரப்பாளையத்து ஃப்ளெக்ஸை ஆசிப்பே ஆளைவிட்டு இறக்கினான். இஷ்ரத்தைக் கடைக்குக் காவலாக வைத்துவிட்டு முத்துப்பாண்டியைத் தன் வண்டியில் ஏற்றி அலங்காநல்லூர் முக்கில் கொண்டுவந்து இறக்கினான். "நான் இருக்கவாண்ணே?" என்று கேட்டான். வேண்டாம், நீ கடையைப் பார் என்று அனுப்பிவிட்டு, சவுக்குக் கம்புகளில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸை நோக்கி முத்துப்பாண்டி நடந்தான். இதுதான் பெரிசு. நாலு ரோட்டுக்காரனும் பார்க்கிற மாதிரி நின்றது.

கம்பில் ஏறி முதல் கயிற்றை அறுத்ததுதான் தாமதம். "யார்ரா அவன், எங்க அண்ணன் ஃப்ளெக்ஸ்ல கை வைக்கிறது?" என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல். மலையாண்டியின் பங்காளி தவசி. அந்த ஊரில் அவிழ்த்துவிட்ட காளை மேல் கை வைத்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். அடுத்தவன் ஃப்ளெக்ஸில் கை வைத்தால் மண்டை தப்பாது. நாலைந்து பேர் ஓடி வந்து அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள். கீழே விழுந்தவன் கன்னத்தில் தவசியின் கை பளாரென்று இறங்கியது. அடுத்த அடிக்குக் கையை ஓங்கியபோதுதான் தவசி மேலே பார்த்தான், கீழே பார்த்தான், மறுபடி மேலே பார்த்தான்.

"டேய், இது மேல இருக்கிற ஆளுடா!"

ஃப்ளெக்ஸில் முகம் இல்லை என்று கிழித்தவர்களை அந்த முக்கு பார்த்திருக்கிறது. முகம் இருப்பவனே வந்து கிழிப்பதை அன்றுதான் பார்த்தது.

சேதி போய் மலையாண்டி வண்டியில் வந்து இறங்கினான். நாளைய விசேஷத்துக்காகப் புதிதாகச் சவரம் செய்த முகம் சிவந்திருந்தது. "என்ன மாப்ள இது? வீட்டுக்கு வராம நேரா கம்புல ஏறியிருக்க? உன்னைவிட எவன் மொகமாச்சும் பெருசா இருக்கா? பட்டம் கிட்டம் விட்டுப்போச்சா? சொல்லு, மாத்தி அடிச்சிருவோம்."

"அதெல்லாம் இல்ல மச்சான். இதை எறக்கணும். மண்டபத்துல இருக்கிறதையும் எறக்கணும்."

"ஏன்?"

"சொல்ல முடியாது."

கூட்டம் முனகியது. மலையாண்டிக்கு அந்த முனகல்தான் தாங்கவில்லை. "சொல்ல முடியாதா? விடிஞ்சா விசேசம். பொஞ்சாதி கூடப்பொறந்தவன் வந்து இறங்குன ஒடனே ஃப்ளெக்ஸை அத்துப்போட்டான்னா ஊரு என்ன பேசும்? என்னைய மதிக்கலன்னுதான பேசும்? நல்லாக் கேட்டுக்க மாப்ள. அதுல இன்னொரு கயித்தைத் தொட்டேன்னா எம்மக உம்மடியில உக்கார மாட்டா. முறைக்கு வேற மாமன் இருக்கான், பாத்துக்கிறேன்."

இந்த மடிக்காகத்தான் அவன் இவ்வளவு தூரம் வந்தான். ஆர்த்திகா பிறந்த அன்று கடலில் இருந்தான், மொட்டை போட்டபோதும் கடலில்தான் இருந்தான். இதையாவது விடக் கூடாது என்று அக்காவுக்குச் சத்தியம் செய்திருந்தான். இருந்தும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"சரி மச்சான். மடியில வைக்கலன்னாலும் பரவால்ல. இதை எறக்கியே ஆகணும்."

யாரும் எதிர்பார்க்காத பதில் அது. மலையாண்டி ஓரடி பின்வாங்கினான். தவசி மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஃப்ளெக்ஸுக்கு முன்னால் போய் நின்றான். அந்த நேரத்தில்தான் கையில் ஒட்டிய அரிசிமாவோடு ஜெயக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

தம்பியின் கன்னத்தில் விரல் தடம். அதைப் பார்த்தாள். அவன் கண் போன இடத்தைப் பார்த்தாள்; அது ஃப்ளெக்ஸில் இருந்த முகத்தில் இல்லை, முகத்துக்குப் பின்னால் விரிந்த இறக்கைகளில் இருந்தது. பார்த்துவிட்டு அழித்துவிடு என்று அவன் எழுதியது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கிட்டே வந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்தப் படமாடா?" என்றாள்.

அவன் கண்ணை மூடித் திறந்தான். அவனை வளர்த்தவளுக்கு அது போதும். அவள் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கணீரென்று குரலை எடுத்தாள்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா? எந்தம்பி பஸ்ஸை விட்டு இறங்குனதும் கண்ணு இருட்டிக்கிட்டு விழுகப் போயிருக்கான். ஏன்? நாலு ரோடு கூடுற முக்குல இம்புட்டுப் பெருசா வச்சா கண்ணு படாம என்ன படும்? போறவன் வாரவன் கண்ணெல்லாம் அவன் தலையிலதான விழுகுது? அவன் கூச்சப்பட்டுக்கிட்டு வாயத் தொறக்கல. கடல்ல போற புள்ளை! அவனுக்கு ஒண்ணுன்னா நீங்களா வருவீங்க?" குனிந்து அந்த முக்கு மண்ணை அள்ளினாள். "எறக்குங்க! கண்ணு கழிச்சாத்தான் எந்தம்பி கடலுக்குப் போவான்."

கூட்டத்தின் முகம் மாறியது. மானப் பிரச்சினைக்கு மண்டை உடைக்கத் தயாராக நின்றவர்கள்தான். கண்ணேறு என்றதும் அத்தனை பேரும் மாமன் மச்சானாகிவிட்டார்கள். "அட, மொதல்லயே சொல்ல வேண்டியதுதானப்பா. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாக," என்று தான் அடித்த கன்னத்தைத் தானே தடவிக் கொடுத்துவிட்டுத் தவசி கம்பில் ஏறினான். அவனுக்குத் தெரியாது, அந்தக் கப்பலைக் கட்டியவர்கள் வரைபடத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் அதுதான் என்று. பக்கச் சுவரைச் சாய்த்ததும் புகையைக் குளிர்வித்ததும் இன்ஜினுக்கு ரப்பர் வைத்ததும் கண்ணடிக்குப் பயந்துதான்.

மலையாண்டியும் தவசியோடு சேர்ந்து கயிற்றை அவிழ்த்தான். ஆனால் அவன் முட்டாள் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை மரத்தடியில் நிறுத்தினான்.

"மாப்ள, அந்தப் படத்தைக் குடுத்தது நான்தான். உன் வேலைக்கு எதும் ஆபத்தா?"

முத்துப்பாண்டி தரையைப் பார்த்தான். மலையாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு நேராக மண்டபத்துக்குப் போய், வாசலில் இருந்த ஃப்ளெக்ஸை ஒருவரையும் கூப்பிடாமல் தானே ஏறி இறக்கி, படம் உள்ளே போகும்படி சுருட்டித் தோளில் தூக்கி வந்தான். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், "கண்ணு பட்டுருச்சுப்பா," என்றான்.

மறுநாள் மண்டப வாசலில் வெறும் சவுக்குச் சட்டம் மட்டும் நின்றது. மேளம் முழங்கியது, பந்தி ஓடியது. முத்துப்பாண்டிக்கு வாசல் பக்கமே கண் போனது. கப்பலைக் கிளம்பவிடாமல் நிறுத்திவிட்டார்களா என்று தெரியவில்லை. மறுபடி போன் போட அவனுக்குத் தைரியம் வரவில்லை. சரிகை வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்து, பட்டுப்பாவாடையோடு ஆர்த்திகாவை மடியில் வாங்கியபோது இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒட்ட வெட்டிய தலைமுடி, நிமிர்ந்த முதுகு. வரவேற்பில் நின்ற பெண்கள் அவர்களையும் விருந்தாளிகள் என்று நினைத்துச் சந்தனம் நீட்டினார்கள். அவர்கள் தயங்கி, தொட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

"மாமா, வலிக்குமா?" என்றாள் ஆர்த்திகா.

"கொஞ்சமா வலிக்கும். மாமா பிடிச்சுக்கிருவேன்."

"ஃப்ளெக்ஸ்ல இருந்தியே, எங்க காணோம்?"

"கண்ணு பட்டுரும்ல பாப்பா, அதான் எறக்கிட்டோம்."

ஆசாரி காதைத் தொட்டார். குழந்தை வீறிட்ட சத்தம் மேளத்தைத் தாண்டிக் கேட்டது. முத்துப்பாண்டி அவள் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ மைல் தூரத்துச் சத்தத்தைப் பிரித்துக் கேட்கிற அந்தக் காது அப்போது அவள் அழுகையைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. இன்னொரு காதும் முடிந்து, அவள் தேம்பல் அடங்கி, கழுத்தைக் கட்டிக்கொள்ளும் வரை கடைசி வரிசைக்காரர்கள் இடத்தை விட்டு எழவில்லை. அந்த மரியாதையை அவன் சாகும் வரை மறக்க மாட்டான்.

வேட்டியை மாற்றிப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஜெயக்கொடி ஓடி வந்தாள். அவசர டியூட்டி என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை, நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். குழந்தைக்கு வைத்த மையில் மிச்சமிருந்ததை விரலில் தொட்டு அவன் கன்னத்தில், தவசி அறைந்த இடத்திலேயே, பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். "என்னாலதான்டா," என்று உதடு துடித்தது.

"இல்லக்கா. எடுத்தது நான். நீ அழாத, இன்னைக்கு அழக் கூடாது."

வண்டியில் ஏறியதும் இருவரில் மூத்தவரிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "கப்பல் சார்?"

"வெள்ளிக்கிழமை கிளம்பாது. திரும்பத் தொட்டிக்குள்ள கொண்டு போறாங்க. அந்த இறக்கைகளைக் கழற்றிட்டு வேற வளைவுல புதுசு மாட்டப் போறாங்க."

"ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு ஒண்ணும் இல்லையே சார்?"

"வாக்குமூலம் வாங்கியாச்சு. கடை திறந்திருக்கு. அந்தப் பேச்சை அழிக்காம வச்சது நல்லதாப் போச்சு." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "உனக்கு விசாரணை இருக்கு. எப்படி முடிஞ்சாலும் அந்தக் கப்பல்ல இனிமே உனக்கு இடமில்ல. தெரியும்ல?"

"தெரியும் சார்." கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி கேட்டான். "புது இறக்கை போட்டா அதோட சத்தம் மாறிடும்ல சார்?"

"மாறணும். அதுக்குத்தானே."

வண்டி கரும்புத் தோட்டங்களைத் தாண்டிக்கொண்டிருந்தது. தூங்கி எழுந்த நொடியிலும் இது நம் கப்பல்தான் என்று அவன் காது சொல்லிவிடும். அத்தனை பழக்கம் அந்தக் குரல். இனி அது இல்லை. என்றைக்காவது கடலில் அந்தக் கப்பல் பக்கத்திலேயே கடந்து போனாலும் அவனுக்கு அடையாளம் தெரியப் போவதில்லை. அவனுக்கே தெரியாதென்றால் வேறு எவனுக்கும் தெரியாது என்று நினைத்தபோது நேற்றிலிருந்து அடக்கி வைத்த அழுகை வெடித்து வந்தது. கன்னத்து மை கரைந்துவிடாமல் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டான்.